லோக்மான் அனுப்பிய மஞ்சள் ஹெல்மெற்

லோக்மான் மியாவின் இடது கெண்டைக்காலில் ஐந்து குழிகள் இருந்தன. அவன் எங்கள் கடைக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒருநாள் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவை என் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் கச்சான் கொட்டை அளவு.

"நாய் கடிச்சதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. மனுசன்தான்."

எனக்கு எதையும் லேசில் நம்புகிற பழக்கம் இல்லை. மீன்கடை வைத்திருக்கிறவளுக்கு அது சரிவராது. காலை நீட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். பல்லுப் பட்டால் தோல் கிழியும். இது நேரே உள்ளே இறங்கி, வெளியே இழுத்தபோது சதையையும் கொண்டுவந்த காயம். இப்படி ஒன்றை நான் ஊரில் திருக்கை மீனின் முதுகில் பார்த்திருக்கிறேன்.

"மண்டாவோ?" என்றேன். அவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. நீளத் தடி, நுனியில் இரும்பு முட்கள், குத்தினால் மீன் கழன்று போகாதபடி முள்ளுக்கு முள்ளு ஒரு கொளுவி என்று கையாலேயே வரைந்து காட்டினேன்.

"ஓம் அக்கா, உதுதான். எங்கட ஊரில டெட்டா எண்டு சொல்றது. மீனுக்கும் அதுதான், மனுசருக்கும் அதுதான்."

நாங்கள் மன்னார், பேசாலை ஆட்கள். என் கணவர் அகஸ்ரின் கடலுக்குப் போனவர். சண்டை எங்களைத் துரத்திக்கொண்டு வந்து கனடாவில் விட்டது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் மீன்கடை போட்டோம். மீனைக் கொண்டுவருவதைவிட வெட்ட ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. எங்கள் பெடியள் ஒரு கிழமை வெட்டுவார்கள், பிறகு கையில் மணம் போகுதில்லை என்று சொல்லி ஓடிவிடுவார்கள். அப்படி ஒருவன் ஓடிய மறுநாள்தான் வங்காளிகள் கூடியிருக்கிற விக்டோரியா பார்க் பக்கமிருந்து பஸ் ஏறி லோக்மான் வந்தான். மெலிந்த ஆள், நரை விழுந்த தாடி. கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பாரம். பிரித்தால், பலகையில் நட்ட ஒரு வளைந்த அரிவாள். நிலத்தில் குந்தியிருந்து, பலகையைக் காலால் அமத்திக்கொண்டு, மீனை இரண்டு கையாலும் அலகில் தள்ளி வெட்டுகிற சாமான். பொட்டி என்றான்.

"உதில குந்தியிருந்து வெட்டினா சுகாதாரக்காரன் வந்து கடையைப் பூட்டிப்போட்டுப் போவான். மேசையில நிண்டு வெட்டத் தெரியுமெண்டா நில்லு."

நின்றான். பொட்டியைப் பின்சுவரில் ஓர் ஆணியில் மாட்டினான். வருசக்கணக்காக அது அங்கேயே தொங்கியது. எங்களோடும் வாடிக்கையாளரோடும் பேசிப் பேசியே தமிழையும் பிடித்துக்கொண்டான். எங்கள் ஆட்கள் சிலர் அவனை மன்னார் முஸ்லிம் என்றே நினைத்திருந்தார்கள்.

அவன் ஊர் மொய்னாசர். வங்காளதேசத்தில் மேக்னா ஆற்றுக்கு நடுவில் கிடக்கிறது. ஊர் என்று நாம் நினைக்கிற மாதிரி ஓரிடத்தில் நிற்கிற ஊர் இல்லை. ஆறு ஒரு கரையைத் தின்று மற்றக் கரையில் கக்கும். லோக்மான் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது லோஞ்ச் படகு ஓடுகிறது. அவன் பாட்டனைப் புதைத்த இடுகாடு ஒரு மழைக்காலத்தில் துண்டு துண்டாக ஆற்றுக்குள் சரிந்ததாம். வெள்ளைத் துணிகள் மிதந்து போவதை ஊரே கரையில் நின்று பார்த்ததாம். தின்ற மண்ணை ஆறு எங்காவது திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். வெள்ளம் வடிய, தண்ணீருக்கு நடுவே கறுப்பாக ஒரு மேடு முதுகைக் காட்டும். அதற்குப் பெயர் சர். அந்தச் சேற்றில் முழங்கால் புதைய ஓடிப்போய் யார் முதலில் உளுந்து விதைக்கிறானோ அவன் நிலம் தன்னுடையது என்பான். அறுக்கும்போது யார் உயிரோடு நிற்கிறானோ அவனுக்குத்தான் அது சொந்தம்.

கதை சொல்லும்போது அவன் கை நிற்காது. மேசையில் ஒரு மீன்தலை விழும். கதையில் ஒரு ஆள் விழுவான்.

ஊரில் இரண்டு வம்சம். வடக்கே லோக்மானின் ஆட்கள், பேபாரிகள்; தெற்கே மொல்லாக்கள். ஜமீன்தார்களின் காலத்தில் இந்த இரண்டு வம்சத்தாரும் அவர்களுக்குக் கூலிக்கு அடிபட்ட தடிக்காரர்கள். நாடு பிரிந்தபோது ஊரின் இந்துக் குடும்பங்கள் இரவோடிரவாகப் படகேறிப் போக, விட்டுப்போன வீடுகளுக்காக ஒருவரையொருவர் குத்தினார்கள். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் இராணுவம் பீரங்கிப் படகில் வந்து இரண்டு பக்கத்தையும் எரித்தது. அந்த ஒரு வருசம்தான் பேபாரிகளும் மொல்லாக்களும் ஒரே சணல் காட்டுக்குள், கழுத்தளவு தண்ணீரில், பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றாக ஒளிந்திருந்தார்கள். நாடு விடுதலையாகித் தண்ணீர் வடிந்ததும் பழையபடி தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு விசர் வந்தது. "ஏன்ரா, உங்களுக்கு வேற வேலையில்லையோ?"

"வேலை இருக்கு அக்கா. நெல்லு, சணல், மாடு, மீன். மற்ற நாளில எல்லாரும் ஒண்டு. ஒரே சந்தை, ஒரே படகு. தேத்தண்ணிக் கடையில மொல்லாவுக்குப் பக்கத்திலதான் நான் இருப்பன். அவன்ர மாடு கண்டு போடக் கஷ்டப்பட்டா நான்தான் போய் இழுத்து எடுப்பன். குத்துறது வெள்ளிக்கிழமைதான்."

சண்டைக்கு நாள் குறிப்பார்களாம். ஜும்மா தொழுகை முடிந்த கையோடு. அதற்கு முதல்நாளே வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் படகேறிவிடுவார். பெண்கள் மிளகாய்த்தூள் இடித்துப் பொட்டலம் கட்டுவார்கள். ஆண்கள் கூரைத் தகரத்தை வெட்டி நெஞ்சுக்குக் கட்டிக்கொள்வார்கள். தலைக்கு ஒரு துவாய், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு ஆண் வரிசையில் நிற்கவேண்டும். நிற்காத வீட்டை எதிரி தொடத் தேவையில்லை. சொந்த வம்சமே வந்து தகரம் கழற்றி, மாட்டை அவிழ்த்து, பெண்களைத் தெருவில் விட்டுவிடும்.

லோக்மானின் தகப்பன் விழுந்தது அப்படியொரு வெள்ளிக்கிழமைதான். டெட்டா வயிற்றில் ஏறியது. குத்தியவன் இழுத்தான், கொளுவி விடவில்லை. காலை நெஞ்சில் ஊன்றி மீண்டும் இழுத்தான். குடல் வெளியே வந்தது, டெட்டா வரவில்லை. கடைசியில் தடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். தகப்பனைத் தடியோடு படகில் ஏற்ற முடியாமல், மகன்காரன் லோக்மான் தடியை அரிந்து எடுத்தானாம். அந்தக் கதையைச் சொன்ன அன்று அவன் வெட்டிய அறக்குளாத் துண்டுகள் ஒன்றுக்கொன்று அளவில் பொருந்தவில்லை.

"நீயும் குத்தினனியோ?" என்று பிறகொரு நாள் கேட்டேன்.

"குத்தினனான் அக்கா. பொய் சொல்லக்கூடாது. செத்தானோ தெரியாது."

ஒரு சண்டையில் மொல்லா ஒருவன் செத்தான். வழக்கில் பேபாரி ஆண்கள் எல்லோருடைய பெயரையும் எழுதினார்கள். அந்த நேரம் காலில் ஐந்து ஓட்டையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த லோக்மானின் பெயரும் அதில் இருந்தது. ஓடினான். நாடு நாடாகச் சுற்றிக் கனடாவுக்கு வந்து அகதியாகப் பதிந்தான். மனைவி ரஹிமாவும் இரண்டு பெடியன்களும் ஊரில். மூத்தவன் ரஃபிக், இளையவன் ஷஃபிக். மூன்று பேரையும் கூப்பிடப் பேப்பர் போட்டிருந்தான். அது எங்கோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. தபால்காரனைக் கண்டால் லோக்மான் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவுவான்.

"பேப்பர் வாற வரைக்கும் பிள்ளையள் உயிரோட இருக்கோணும் அக்கா. அதுதான் எனக்கு வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

இந்த நிலைமையில்தான் என் மனுசன் ஒரு மகா புத்திசாலித்தனம் செய்தார். கடையில் வேலை கூடிவிட்டது, இன்னொரு ஆள் வேண்டும் என்று, புதிதாக வந்த காதேர் என்ற வங்காளியைக் கூட்டிவந்தார். "ரெண்டு பேரும் ஒரு நாட்டுக்காரர். கதைச்சுப் பேசிக்கொண்டு வெட்டுவாங்கள்."

காதேர் வாயைத் திறந்து சலாம் சொன்னதும் லோக்மானின் கத்தி நின்றது. அந்த உச்சரிப்பு அந்த ஒரு ஊருக்குத்தான் உண்டாம். இவன் ஒரு கேள்வி கேட்டான், அவன் இரண்டு மூன்று சொல்லில் பதில் சொன்னான். மொய்னாசர், தெற்குப் பக்கம், மொல்லா.

"நீங்கள் உலகம் முழுக்கத் தேடிப்போய் உவனைத்தானே பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்!" என்று அன்று அகஸ்ரினைக் குதறி எடுத்தேன். லோக்மான்தான் என்னை அமர்த்தினான். இங்கே வெள்ளிக்கிழமை இல்லை என்றான். மேசையின் ஒரு நுனியில் அவன், மறு நுனியில் இவன். ஒருவருக்கொருவர் தீட்டுக்கல்லை நகர்த்திவிடுவார்கள், செதில் சீவியைக் கொடுப்பார்கள், பேச்சு மட்டும் இல்லை. காதேர் நல்ல வேலைக்காரன்தான். அவன் தம்பியும் ஊரில் வரிசையில் நிற்கிறவன் என்று பிறகு அறிந்தேன்.

போன வருசம் வெள்ளம் வடிந்ததும் மொய்னாசருக்கு முன்னால் புதிதாக ஒரு சர் எழும்பியது. இரண்டு பக்கமும் ஒரே காலையில் உளுந்து விதைத்தார்கள். டாக்காவில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஒளித்து வைத்திருந்த ரஃபிக்கை ஊருக்கு வரச்சொல்லி பேபாரிகளின் தலைவன், சர்தார், ஆள் விட்டான். வராவிட்டால் தாயையும் தம்பியையும் அன்றே தெருவில் விடுவோம் என்று செய்தி. ரஃபிக் வந்துவிட்டான். தாய் ரஹிமா போனில் அழுதாள். லோக்மான் அழவில்லை. மத்தியானம் ஒருமணித்தியாலம் வெளியே போய்விட்டு வந்தான். கையில் ஒரு ஹொக்கி ஹெல்மெற். பழைய சாமான் கடையில் எடுத்தது. பளிச்சென்ற மஞ்சள் நிறம், முகத்துக்குக் கம்பிக் கூடு.

"அங்க எல்லாரும் நெஞ்சுக்குத் தகரம் கட்டுறவங்கள் அக்கா. தலைக்கு ஒண்டும் இல்லை. செங்கல் வந்து விழுந்தா மண்டை பிளக்கும், கண்ணுக்க மிளகாய்த்தூள் போகும். இது போட்டா ஒண்டும் செய்யாது."

"உது தாங்குமோ?"

தாங்குமா என்று பார்க்காமல் அனுப்ப அவனுக்கு மனமில்லை. தானே தலையில் மாட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றான். அகஸ்ரின் உறைபெட்டியிலிருந்து கட்டைபோல இறுகிய ஒரு சீலா மீனை எடுத்து, தயங்கித் தயங்கி ஒரு போடு போட்டார். லோக்மான் அசையவில்லை. "பலமா அடியுங்கோ அண்ணை!" அவர் ஓங்கி அடித்தார். சீலாவின் தலை முறிந்து வாசல்வரை உருண்டது. மீன் வாங்க வந்த ஒரு அன்ரி கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கம்பிக் கூட்டுக்குள்ளே லோக்மானின் பல் முழுக்கத் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மேசையின் மறு நுனியில் காதேர் மட்டும் செதில் சீவுவதை நிறுத்திவிட்டு அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து சீவத் தொடங்கினான்.

ஊருக்குப் போகிற ஒருவர் மூலம் ஹெல்மெற் போய்ச் சேர்ந்தது. ரஃபிக் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை லோக்மான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். பத்தொன்பது வயதுப் பிள்ளை. மீசை சரியாக முளைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கடை திறக்கும்போது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. லோக்மான் மேசையடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரோ கூரையில் ஏறி நின்று எடுத்த வீடியோ. நானும் எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. சேற்றில் இரண்டு வரிசை ஆட்கள், மண்நிறமும் தகரமும். நடுவில் ஒரு மஞ்சள். எதிர்வரிசையில் ஒருவன் அந்த மஞ்சளை நோக்கிக் கையை நீட்டிக் கத்துகிறான். உடனே அந்தப் பக்கத்து டெட்டாக்கள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. மற்றவர்களை ஒருவரும் பார்க்கவில்லை. மஞ்சள் பின்வாங்கியது, சேறு காலைப் பிடித்தது, ஒரு தடி கழுத்தில் ஏறியது. முழங்காலில் விழுந்தான். அதன் பிறகு எத்தனை தடிகள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது மஞ்சளைச் சுற்றித் தடிகள் நட்டுக்கொண்டு நின்றன, எங்களூர்ப் பட்டிவலைக்கு நட்ட கம்புகள் மாதிரி.

பின்கதவைத் திறந்துகொண்டு காதேர் வந்தான். ஏப்ரனைக் கட்டிக்கொண்டே லோக்மானைப் பார்த்தான். போனைப் பார்த்தான். லோக்மான் வங்காளத்தில் ஏதோ கேட்டான், மிக மெதுவாக. காதேர் தரையைப் பார்த்தபடி இரண்டு மூன்று சொல் சொன்னான். லோக்மான் மறுபடி கேட்டான். காதேர் தலையை ஆட்டினான்.

லோக்மானின் கை மேசைக் கத்திக்குப் போகவில்லை. பின்சுவருக்குப் போனது. ஆணியில் தொங்கிய பொட்டியைக் கழற்றி, பலகைப் பக்கத்தைப் பிடித்து, தலைக்கு மேலே ஓங்கினான். காதேர் குறுக்கே கையைக் கொடுத்தான். அலகு முழங்கையில் இறங்கி மணிக்கட்டுவரை தோலை உரித்துக்கொண்டு வந்தது. இரத்தம் ஐஸில் கிடந்த பாரை மீன்கள் மேல் அடித்தது. நான் கத்தினேன். அவன் இரண்டாம் முறை ஓங்க, நான் இடையில் விழுந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். மெலிந்த ஆள் என்றேனே, அன்று நாலு பேரின் பலம் இருந்தது. அகஸ்ரின் லொறியிலிருந்து ஓடிவந்து பொட்டியைப் பிடுங்கினார். காதேர் ஓடவில்லை. கை தொங்க, சுவரோடு சாய்ந்து அப்படியே நின்றான். அடுத்த வெட்டுக்குத்தான் நிற்கிறான் என்று எனக்குப் பட்டது.

"என்னடா சொன்னவன்? என்ன கேட்டனி?" என்று லோக்மானை உலுக்கினேன்.

அவன் நிலத்தில் குந்திவிட்டான்.

"இப்ப அங்க ஹெல்மெற் போடுறது சர்தார் மட்டும்தானாம் அக்கா. ஆக்கள் தலைவனைக் கண்டு பின்னால போறதுக்கு. நான் இருந்த காலத்தில அது இல்லை. எனக்கும் தெரியாது, டாக்காவில இருந்த ரஃபிக்குக்கும் தெரியாது. சர்தார் விழுந்தா சண்டை முடியும், அதால எல்லாரும் ஹெல்மெற்றுக்குத்தான் எறிவாங்களாம். ரஃபிக்கை சர்தார் எண்டு நினைச்சவங்கள்." மூச்சை இழுத்தான். "உவனுக்கு அது தெரியும். அண்டைக்கு நாங்கள் சீலாவால அடிச்சுச் சிரிக்கேக்க உவன் பாத்துக்கொண்டு நிண்டவன். ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன். சொல்லியிருந்தா ரஃபிக் தப்பியிருப்பானாம், பிறகு அவன்ர தடி தன்ர தம்பியைத் தேடுமாம்."

எனக்கு அழுகை வரவில்லை. காதேரின் மற்றக் கையையும் நானே வெட்டவேண்டும் போல இருந்தது. ஆனாலும் துவாயை எடுத்து அவன் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வேறென்ன செய்வது?

மீன் வெட்டும்போது கத்தி வழுக்கியது என்று காதேர் ஆஸ்பத்திரியில் சொன்னான். அகஸ்ரின் அவனைத் தனியே கேட்டபோது, "அங்க எங்கட ஊரில எல்லாத்துக்கும் வழக்கு. இங்கேயும் வேண்டாம்," என்று மட்டும் சொன்னானாம். கை ஆறியபின் அவனை லொறி வேலைக்கு மாற்றினார். நான் இன்றுவரை அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

லோக்மானால் ஊருக்குப் போக முடியாது. வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. மகனை மற்றவர்கள் புதைத்தார்கள். வீட்டில் இரு என்று சொன்னாலும் கேட்காமல் திங்கட்கிழமை வந்து மேசையில் நின்றான். பொட்டியை அகஸ்ரின் கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டார். வெறும் ஆணியைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தான்.

அந்தக் கிழமையே அவனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. கை முழுக்க மீன் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான். கரகரத்த ஒரு கிழக் குரல், நீட்டி நீட்டிப் பேசியது. இவன் "ஹே, ஹே" என்று மட்டும் சொன்னான். குரல் ஓய்ந்ததும் ஆர் என்று கேட்டேன்.

"சர்தார் அக்கா."

"துக்கம் விசாரிச்சவனோ?"

"ரஃபிக்கின்ர தலையில ஒரு கீறல் இல்லையாம். நல்ல சாமானாம். இன்னும் பத்து அனுப்பட்டாம்." கத்தியைத் துணியில் துடைத்தான். "அடுத்த முறை எங்கட வீட்டுக்கு ஷஃபிக் நிக்கோணுமாம்."

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் போனைப் பிடுங்கிக் குடல் வாளிக்குள் எறிந்தேன். எறிந்துவிட்டுத் தமிழில் எத்தனை தூஷணம் இருக்கிறதோ அத்தனையையும் அந்தச் சர்தாருக்குச் சொன்னேன். கடையில் நின்ற சனம் விறைத்துப்போய் நின்றது. லோக்மான் வாளிக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, கழுவி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை வேலைக்கு வரும்போது இரண்டு பெரிய கறுப்புப் பையோடு வந்தான். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஹொக்கி ஹெல்மெற். நீலம், சிவப்பு, கறுப்பு. எந்தெந்தப் பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கினானோ தெரியாது. மற்றப் பையிலும் அதுதான்.

"உனக்கு விசரோ?" என்று கத்தினேன். "ஒரு பிள்ளையைக் குடுத்தது காணாதோ? உன்ர பிள்ளையைச் சாகவிட்ட நாய்க்கு நீயே சாமான் அனுப்பப்போறியோ?"

அவன் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினான். கம்பிக் கூடுகள் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தான்.

"பேப்பர் இன்னும் வரேல்லை அக்கா," என்றான். "பத்துப் பேர் போட்டா ஷஃபிக்கைத் தனியத் தெரியாது."

விட்பியில் எங்கள் வீட்டுக் கராஜில், மகன் யூட்சன் ஹொக்கி விளையாட்டை விட்ட நாளிலிருந்து ஒரு ஹெல்மெற் தூசி பிடித்துக் கிடக்கிறது. அடுத்தநாள் காலை அதைக் காரில் போட்டுக்கொண்டு வந்தேன். துடைத்து, லோக்மான் ஊருக்கு அனுப்ப அடுக்கிய பெட்டிக்குள் மற்றவற்றோடு வைத்து, நானே பெட்டியை ஒட்டி மூடினேன்.